26 நானோ விநாடி: கரிசல் மண்ணில் புதைந்த குழாயின் ஆழத்தை ரேடாரில் அளந்த ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

தூத்துக்குடி மாவட்டத்தின் கரிசல் பகுதியில் ஒரு பேரூர். அதன் பிரதான சாலையோரமாக, தரைக்கடியில் கேபிளுக்கான பிளாஸ்டிக் குழல் ஒன்றைக் கொண்டுபோக வேண்டியிருந்தது. சாலையை வெட்ட அனுமதி கிடைக்கவில்லை. ஆகவே ஹெச்.டி.டி. (கிடைமட்டத் திசைத் துளையிடல்) முறையில் துளை போடுவது என்று முடிவானது. ஒரு முனையில் இயந்திரத்தை நிறுத்தி, துளைத்தண்டைச் சாய்வாக மண்ணுக்குள் செலுத்தி, கிடைமட்டமாக நகர்த்தி, மறுமுனையில் வெளியே எடுக்கும் முறை அது. துளையின் விட்டம் சுமார் 20 செ.மீ.

அதே சாலையோரத்தில் ஒரு பழைய வார்ப்பிரும்புக் குடிநீர்க் குழாய் போகிறது. 150 மி.மீ. குழாய், வெளிவிட்டம் 17 செ.மீ. ஊரில் பாதிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு அதில்தான் தண்ணீர். வரைபடம் யாரிடமும் இல்லை. கிடைத்த வால்வுகளை வைத்துப் பார்த்ததில், நாங்கள் துளை போட நினைத்த பாதையை அது மூன்று இடங்களில் குறுக்கிடும் என்று தெரிந்தது. அந்த மூன்று இடங்களிலும் அது எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்று சொல்வதுதான் எங்கள் வேலை.

ரேடார் அலகிடலுக்கு (ஸ்கேன் செய்வதற்கு) நான்தான் பொறுப்பு. முதல் அறிக்கையில் இருந்த தவறான எண் நான் கையெழுத்திட்டுக் கொடுத்தது. அதனால்தான் இதை முழுதாக எழுதி வைக்கிறேன்.

ரேடாருக்குத் தெரிவது நேரம் மட்டும்

தரை ஊடுருவும் ரேடார் பார்க்கப் புல்வெட்டும் வண்டி மாதிரி இருக்கும். அடியில் ஒரு பெட்டி. அதற்குள் அலையை அனுப்பும் ஆன்டெனாவும் வாங்கும் ஆன்டெனாவும். எங்களிடம் இருந்தது 400 மெகா ஹெர்ட்ஸ் பெட்டி. அது மண்ணுக்குள் ஒரு சிறு துடிப்பை அனுப்பும். குழாயில் பட்டுத் திரும்பும் எதிரொலி எத்தனை நானோ விநாடியில் வந்தது என்று குறித்துக்கொள்ளும். கருவி உண்மையில் அளப்பது அவ்வளவுதான். ஆழம் என்பது அந்த நேரத்தை அலையின் வேகத்தால் பெருக்கி, போகவர என்பதற்காக இரண்டால் வகுத்து நாம் போடும் கணக்கு.

வேகம் எங்கிருந்து வரும்? காற்றில் ரேடியோ அலை நானோ விநாடிக்கு 30 செ.மீ. போகும். மண்ணுக்குள் குறையும். எவ்வளவு குறையும் என்பதை மண்ணின் ஒப்புமை விடுதிறன் (relative permittivity) என்ற எண் தீர்மானிக்கிறது. 30-ஐ அதன் வர்க்கமூலத்தால் வகுத்தால் வேகம் கிடைக்கும். உலர்ந்த மணலுக்கு அந்த எண் 3 முதல் 5 வரை. தண்ணீருக்கு ஏறத்தாழ 80. மண்ணில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறதோ அந்த அளவுக்கு அலை மெதுவாகப் போகும் என்று கொண்டால் பெரும்பாலும் தவறாகாது.

அலை உறிஞ்சப்படுவது வேறு கதை. அதற்கு முக்கியக் காரணம் மண்ணின் மின்கடத்துத்திறன். களிமண்ணும் கரைந்த உப்பும் சேர்ந்தால் அலையின் ஆற்றல் வழியிலேயே வெப்பமாகி அழியும். அண்டார்டிகாவில் 3 கிலோமீட்டருக்கு மேல் தடித்த பனியின் அடித்தளத்தை ரேடார் காட்டிக்கொடுக்கிறது. பனி அலையை அவ்வளவாகத் தின்னாது. ஈரக் கரிசலில் ஒரு மீட்டரைத் தாண்டுவதே பெரிய காரியம்.

எங்கள் தவறின் வேர் இந்த இரண்டையும் தனித்தனியாகப் பார்க்காததில் இருக்கிறது. மின்கடத்துத்திறன் எதிரொலியை மங்கச் செய்யும். இந்த அதிர்வெண்ணில் வேகத்தைப் பெரிதாக மாற்றாது. ஆனால் எதிரொலி மங்கிவிட்டால், அந்தப் படத்திலிருந்து வேகத்தைக் கண்டுபிடிக்கும் வழி கெட்டுப்போகும்.

முதல் நாள்: ஜனவரி, மழை ஓய்ந்த பிறகு

வடகிழக்குப் பருவமழை முடிந்து சில வாரம். மேலே ஒரு விரற்கடை காய்ந்திருந்தது. அதற்குக் கீழே மண் பிசைந்த மாவு மாதிரி. கரிசலில் மான்ட்மோரிலோனைட் வகைக் களிமண் அதிகம். தண்ணீரைக் குடித்து வீங்கும், பிடித்து வைத்துக்கொள்ளும், கோடையில் சுருங்கி வெடிக்கும். அந்த ஜனவரியில் நன்றாகக் குடித்திருந்தது.

வண்டியைத் தள்ளியதும் தூரம் அளக்கும் சக்கரத்தில் மண் அப்பிக்கொண்டது. இருபது மீட்டர் போவதற்குள் சக்கரத்தைச் சுற்றி ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்குக் கருப்பு வளையம். சக்கரம் பெருத்தால் ஒரு சுற்றில் கூடுதல் தூரம் போகும். கருவிக்கு அது தெரியாது, பழைய சுற்றளவையே எண்ணிக்கொண்டிருக்கும். ஒரு குச்சியால் சுரண்டிச் சுரண்டித் தள்ளினோம். அன்று எடுத்த பாதிக் கோடுகளில் தூரம் சில சதவீதம் குறைவாகவே பதிவாகியிருக்கும்.

முதல் குறுக்கிடலில் எதிரொலி கிடைத்தது. திரையில் ஒரு சிறு வளைவு, கவிழ்த்த கிண்ணத்தின் மேல்பகுதி மாதிரி. உச்சியின் நேரம் 26 நானோ விநாடி. திரையின் வலது ஓரத்தில் கருவியே போட்டுத்தரும் ஆழ அளவுகோலில் அது 1.30 மீட்டருக்கு நேராக நின்றது. அதை அப்படியே எழுதினேன்.

அந்த எண்ணை நம்பிப் பாதை வரையப்பட்டது. குழாயின் மேல்மட்டம் 1.30 மீ. என்றால் துளையை அதற்கு மேலேயே கொண்டுபோகலாம். துளையின் நடு ஆழம் 0.80 மீ. துளையின் அடிக்கும் குழாயின் தலைக்கும் இடையில் 40 செ.மீ. மண் மிஞ்சும். காகிதத்தில் போதுமான இடைவெளி.

1.30 எப்படி வந்தது

அலகிடலைத் தொடங்கும்போது கருவி விடுதிறன் எண்ணைக் கேட்கும். அதில் 9 இருந்தது. முந்தைய வேலை காய்ந்த செம்மண்ணில். அங்கே 9 சரியாகவே பொருந்தியிருந்தது. 30-ஐ 3-ஆல் வகுத்தால் நானோ விநாடிக்கு 10 செ.மீ. அந்த வேகம்தான் இங்கேயும் தொடர்ந்தது. யாரும் மாற்றவில்லை.

அதைச் சரிபார்க்கவே இல்லை என்று சொல்ல முடியாது. பார்த்தேன், தவறாகப் பார்த்தேன். குழாயைக் குறுக்காகக் கடக்கும்போது படத்தில் விழும் வளைவு ஓர் அதிபரவளையம். வேகம் குறைவாக இருந்தால் அது ஒடுங்கி நிற்கும், அதிகமாக இருந்தால் விரிந்து கிடக்கும். கணினியில் ஒரு மாதிரி வளைவை அதன் மேல் வைத்து விரித்தும் ஒடுக்கியும் பொருத்தினால் வேகம் வந்துவிடும். பொருத்தினேன். 9 செ.மீ. என்று வந்தது. 10-க்குப் பக்கம்தானே என்று விட்டுவிட்டேன்.

அந்த 9 எப்படி வந்தது என்று பிறகு உட்கார்ந்து பார்த்தபோது மூன்று காரணங்கள் தெரிந்தன.

முதலாவது, கோணம். அந்த இடத்தில் குழாய் சாலையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குச் சாய்வாகத் திரும்புகிறது. நாங்கள் தள்ளிய கோடு அதைச் செங்குத்தாக வெட்டவில்லை. கிட்டத்தட்ட 45 பாகை சாய்ந்து வெட்டியது. சாய்ந்து வெட்டினால் வளைவு பொய்யாக விரியும். 45 பாகையில் உண்மையான வேகத்தைவிட சுமார் 1.4 மடங்கு காட்டும்.

இரண்டாவது, குழாயின் பருமன். மென்பொருள் குழாயை ஒரு புள்ளியாக நினைத்துக்கொள்கிறது. 8.5 செ.மீ. ஆரமுள்ள குழாய் புள்ளி அல்ல. அந்த ஆழத்தில் இதனால் மட்டும் வேகம் ஐந்து சதவீதம் கூடுதலாகத் தெரியும்.

மூன்றாவதை நான் அதற்கு முன் சரியாக உணர்ந்ததில்லை. வளைவின் உச்சிதான் படத்தில் இருந்தது, இரண்டு பக்கமும் சரிந்திறங்கும் கைகள் இல்லை. குழாய்க்கு நேர் மேலே நிற்கும்போது அலை போகும் பாதை குட்டையானது. 80 செ.மீ. பக்கவாட்டில் நகர்ந்தால் போகவர ஏறக்குறைய 60 செ.மீ. கூடுதல் மண்ணைக் கடக்க வேண்டும். இந்த மண்ணில் அது மட்டுமே 10 டெசிபெல் இழப்பு, அதாவது அலைவீச்சு மூன்றில் ஒரு பங்காகிவிடும். சாய்ந்து போகும் அலை இயல்பாகவே பலவீனமானது என்பது அதற்கு மேல். ஆகவே கைகள் இரைச்சலில் கரைந்துவிட்டன. மிஞ்சிய சிறு உச்சியின் மேல் 6-ஐயும் வைக்கலாம், 9-ஐயும் வைக்கலாம், 10-ஐக்கூட வைக்கலாம்; கண்ணுக்கு எல்லாம் பொருந்தும். அலையைத் தின்னும் மண், அலையின் வேகத்தைச் சொல்லும் சாட்சியத்தையும் சேர்த்தே தின்றுவிடுகிறது.

சக்கரத்தில் அப்பிய மண் வேகத்தை எதிர்த்திசையில், குறைத்துக் காட்டியிருக்கும். அது மட்டும் இல்லையென்றால் 9-க்கும் மேலே போயிருக்கும்.

இன்னொரு தடயம் கண்முன்னே இருந்தது. திரையில் 1.60 மீட்டருக்குக் கீழே வெறும் கிடைக்கோடுகளும் இரைச்சலும்தான். ஈரக் கரிசலில் ரேடார் 1.60 மீட்டர் வரை பார்த்தது என்பதே நம்ப முடியாத செய்தி. அந்த மண்ணை நேற்றுதான் பார்த்தவன் அல்ல நான். படம் தெளிவாக வந்திருக்கிறது என்று மகிழ்ந்தேனே தவிர, இவ்வளவு ஆழம் எப்படித் தெரிகிறது என்று கேட்கவில்லை.

ஓய்வுபெற்ற ஃபிட்டர் சொன்னது

துளையிடும் இயந்திரம் வந்து இறங்கிய அன்று காலை, பேரூரின் தண்ணீர் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு ஃபிட்டரை வால்வு காட்டுவதற்காக அழைத்து வந்தார்கள். எல்லோரும் அண்ணாச்சி என்றார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். சாலையில் சுண்ணாம்பால் எழுதியிருந்த 1.30-ஐப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டார். குழாயின் ஆழம் என்றேன்.

“அவ்வளவு ஆழமா தம்பி? இந்தக் குழாய்க்கு நான் எத்தனை தடவை குழிக்குள்ள இறங்கி ஈயம் காய்ச்சி ஊத்தியிருக்கேன். குழியில நின்னா மண்ணு இடுப்புக்கு மேல வந்ததில்லையே.”

இடுப்பளவு என்றால் குழியின் அடி ஏறக்குறைய 90 செ.மீ. அல்லது கொஞ்சம் கூட. குழாய் அடியில் உட்கார்ந்திருக்கும். அதன் தலை 70, 80 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். நாங்கள் துளை போட நினைத்த அதே மட்டம்.

எடுத்த முடிவும் காரணமும்

அங்கே இரண்டு வழி இருந்தது. பல வருடத்து நினைவு, அதற்கப்புறம் சாலையை உயர்த்தியிருப்பார்கள், கருவி சொல்வதே சரி என்று துளையைத் தொடங்கலாம். அல்லது நிறுத்திவிட்டுச் சோதனைக் குழி வெட்டலாம். ஒப்பந்தக்காரருக்கு இயந்திரமும் ஆட்களும் அரைநாள் சும்மா நிற்பது நட்டம். அவர் முகம் சுருங்கியதில் நியாயம் இருந்தது.

நிறுத்தச் சொன்னேன். அண்ணாச்சி சொன்னதில் இருந்த ஒரு விவரம்தான் என்னைத் தடுத்தது. அவர் ஆழத்தை எண்ணாகச் சொல்லவில்லை, தன் உடம்பை வைத்துச் சொன்னார். அந்தக் குழிக்குள் நின்று குனிந்து வேலை செய்தவரின் இடுப்பு அவ்வளவு எளிதில் 40, 50 செ.மீ. தவறாது. என் எண்ணுக்குப் பின்னால் அப்படி ஒரு நேரடி அளவு இருக்கிறதா என்று யோசித்தேன். இல்லை. திரையின் ஓர அளவுகோல்தான் இருந்தது. இன்னொன்று: என் எண் சரியாக இருந்து குழி வெட்டினால் அரைநாள் போகும். என் எண் தவறாக இருந்து துளைத்தால் ஊருக்குத் தண்ணீரே நின்றுபோகும்.

குழி

கடப்பாரையால் 50 செ.மீ. வரைதான் வெட்டினோம். அதற்குப் பிறகு மண்வெட்டி, கடைசியில் கையால். மண் கத்தியால் வெட்டிய அல்வா மாதிரி பளபளவென்று துண்டு துண்டாக வந்தது. மண்வெட்டியின் விளிம்பு உலோகத்தில் உரசும் சத்தம் கேட்டதும் எல்லோரும் குனிந்தோம். துரு ஏறிய, சற்றே கரடுமுரடான வார்ப்பிரும்பு. அளவுநாடாவைப் பிடித்தோம்: தரையிலிருந்து 78 செ.மீ.

குழாய் 78-லிருந்து 95 செ.மீ. வரை. எங்கள் துளை 70-லிருந்து 90 வரை. நேராக அதன் நடுவில் போயிருக்கும்.

78 செ.மீ. போகவர 156 செ.மீ. அதை 26-ஆல் வகுத்தால் நானோ விநாடிக்கு 6 செ.மீ. விடுதிறன் 25. நான் வைத்திருந்த 9 எங்கே, இது எங்கே. மண்ணின் விடுதிறனிலிருந்து நீரளவைக் கணிக்க டாப், டேவிஸ், அன்னான் என்ற ஆய்வாளர்கள் 1980-இல் கொடுத்த சமன்பாட்டில் 25-ஐப் போட்டால், மண்ணின் கன அளவில் 40 சதவீதம் தண்ணீர் என்று வருகிறது. 9-ஐப் போட்டால் 17 சதவீதம். கையில் பிசைந்து பார்த்த எவருக்கும் அது 17 சதவீத மண் அல்ல என்று தெரிந்திருக்கும்.

மறு அலகிடல்

அன்று மாலைக்குள் துளையை நிறுத்தி வைத்துவிட்டு முழுவதையும் மறுபடி செய்தோம்.

நேரத்தின் தொடக்கப்புள்ளியை முதலில் சரிபார்த்தோம். ஆன்டெனாவைத் தூக்கி, 60 செ.மீ. தொலைவில் ஓர் இரும்புத் தகட்டை வைத்தால் காற்றில் போகவர 4 நானோ விநாடி ஆக வேண்டும். அரை நானோ விநாடிக்குள் சரியாக இருந்தது. ஆகவே பிழை நேரத்தில் இல்லை, வேகத்தில்தான். 6 செ.மீ. வேகத்தில் ஒரு நானோ விநாடி தவறினால் ஆழம் 3 செ.மீ.தான் தவறும் என்பதும் மனதுக்குத் தெம்பாக இருந்தது.

அடுத்து, குழாய் போகும் திசையைக் குழியில் பார்த்து, அதற்குச் செங்குத்தாக ஐந்து கோடுகள் தள்ளினோம், ஒவ்வொன்றுக்கும் முன் சக்கரத்தைத் துடைத்துவிட்டு. குழாயின் ஆரத்தையும் மென்பொருளில் கொடுத்தோம். இப்போது 5.8-க்கும் 6.3-க்கும் இடையில் வேகம் வந்தது. நாடா சொன்ன 6-ஐச் சுற்றியே நின்றது.

கடைசியாக, முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை: நான்கு முனைக் கம்பிகளை நட்டு மண்ணின் மின்தடை எண்ணை அளந்தோம் (இது குறைந்தால் மின்கடத்துத்திறன் கூடும்). 20 ஓம் மீட்டர். அதை வைத்துக் கணக்கிட்டால் அலைக்கு மீட்டருக்கு 16 டெசிபெல் இழப்பு. 78 செ.மீ. குழாய்க்குப் போகவர 26 டெசிபெல், சமாளிக்கலாம். உண்மையிலேயே 1.30 மீ. ஆழத்தில் இருந்திருந்தால் 43 டெசிபெல். அவ்வளவு தெளிவான எதிரொலி வந்திருக்கவே முடியாது. இந்தக் கம்பிகளை நட்டு அளக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

இரண்டாவது குறுக்கிடலில் எதிரொலி 28 நானோ விநாடியில் வந்தது. இம்முறை ஒற்றை எண் கொடுக்கவில்லை. வேகத்தில் இருக்கும் ஐயமும் நேரத்தைப் படிப்பதில் இருக்கும் ஐயமும் சேர்த்து, 84 செ.மீ., 6 கூடலாம் குறையலாம் என்று எழுதினோம். குழி வெட்டியதில் 81.

எதிரொலியே வராத இடம்

மூன்றாவது குறுக்கிடல் ஒரு சாக்கடைக்குப் பக்கத்தில். கான்கிரீட் விரிசல் வழியாகக் கழிவுநீர் வெகுகாலமாக மண்ணில் ஊறிக்கொண்டிருந்தது. ரேடார் படத்தில் ஒன்றுமே இல்லை. மேலே சில கோடுகள், கீழே கருப்பும் வெள்ளையுமாக இரைச்சல். குழுவில் ஒரு இளைஞர், “சார், இங்க குழாய் இல்ல போல. வேற பக்கம் திரும்பியிருக்கும்” என்றார்.

அந்தச் சொல்லை அங்கேயே நிறுத்தி வைத்தது நல்லதாயிற்று. மின்தடை எண் 6 ஓம் மீட்டர். மீட்டருக்கு 50 டெசிபெல் இழப்பு. 80 செ.மீ. ஆழத்தில் குழாய் இருந்தால் போகவர 80 டெசிபெல் போய்விடும். அங்கே குழாய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் படம் ஒரே மாதிரிதான் இருக்கும். அந்தப் படத்துக்கு இல்லை என்று சொல்லும் தகுதி கிடையாது. தெரியவில்லை என்று மட்டும்தான் அதனால் சொல்ல முடியும்.

200 மெகா ஹெர்ட்ஸ் ஆன்டெனாவை வரவழைத்துப் பார்த்தோம். அதிர்வெண் குறைந்தால் ஆழம் கூடும் என்பது எங்கள் துறையில் எல்லோரும் சொல்வது. கற்களில் சிதறுவதாலும் நீர் மூலக்கூறுகள் ஆடுவதாலும் வரும் இழப்புக்கு அது உண்மை. ஆனால் மண்ணின் மின்கடத்தலால் வரும் இழப்பு இந்த வரம்பில் அதிர்வெண்ணைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. 200-இலும் அதே மங்கல்தான். அரைநாள் போனது. அந்த 6 ஓம் மீட்டரைப் பார்த்தபோதே இது வீண் முயற்சி என்று கணித்திருக்கலாம்.

பிறகு குழாய் தேடும் மின்காந்தக் கருவியை எடுத்தோம். பக்கத்து வால்வில் கம்பியை மாட்டிக் குழாய்க்குள் குறைந்த அதிர்வெண் மின்னோட்டத்தை அனுப்பி, அது உண்டாக்கும் காந்தப் புலத்தைத் தரைமேல் தேடும் கருவி அது. அண்ணாச்சி சொன்ன ஈய இணைப்புகள் இங்கே கைகொடுத்தன. ஈயம் மின்சாரத்தைக் கடத்தும். ரப்பர் வளைய இணைப்பாக இருந்தால் ஒவ்வொரு மூட்டிலும் சைகை அறுந்திருக்கும். ஆழம் 1.02 மீட்டர் காட்டியது. அது குழாயின் நடு அச்சுக்கான ஆழம், தலைக்கானது அல்ல. 8.5 செ.மீ. கழித்தால் 93 அல்லது 94. குழியில் 91 இருந்தது.

ஈரக் களிமண் 400 மெகா ஹெர்ட்ஸைத் தின்றுவிடும். கிலோ ஹெர்ட்ஸ் காந்தப் புலத்தை ஏறக்குறைய அப்படியே விட்டுவிடும். துளைத்தண்டின் முனையில் இருக்கும் சிறு அனுப்பியைத் தரைமேல் நடந்தபடி ஒருவர் பின்தொடர்ந்து ஆழம் சொல்வதும் இதே காரணத்தால்தான் முடிகிறது.

துளையிட்டது

துளையைக் குழாய்க்குக் கீழே கொண்டுபோவதென்று முடிவு செய்தோம். மேலே போக 78 செ.மீ. மண் போதாது, மேலே தொலைபேசிக் கம்பிகளும் வீட்டு இணைப்புகளும் வேறு. முதல் இரண்டு குறுக்கிடலிலும் துளையின் நடு ஆழம் 1.80 மீ., மூன்றாவதில் 2.00 மீ. குழாயின் அடிக்கும் துளையின் தலைக்கும் இடையில் குறைந்தது 70 செ.மீ. மூன்று சோதனைக் குழிகளையும் மூடாமல் திறந்தே வைத்து, துளை கடந்து போகும்போது ஒவ்வொன்றிலும் ஓர் ஆள் குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். குழாய் அசையவில்லை, கசியவில்லை. வேலை இரண்டு நாள் தாமதமாக முடிந்தது. ஊருக்கு ஒரு வேளைத் தண்ணீர்கூட நிற்கவில்லை.

மே மாதம் திரும்பிப் போனது

அதே ஊருக்கு வேறு வேலையாக மே மாதம் போக நேர்ந்தது. வண்டியில் ரேடார் இருந்தது. முதல் குழி இருந்த இடத்திலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, தோண்டப்படாத மண்ணின் மேல், அதே குழாயைக் கடந்து தள்ளிப் பார்த்தேன். சாலையோர மண்ணில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்புகள்.

எதிரொலி 19.5 நானோ விநாடியில் வந்தது. ஜனவரியில் 26.

குழாய் இருந்த இடத்தில்தான் இருந்தது. வேகம் 8 செ.மீ. ஆகியிருந்தது, விடுதிறன் 14, நீரளவு சுமார் 26 சதவீதம். வளைவின் கைகளும் இம்முறை கொஞ்சம் தெரிந்தன. ஜனவரியில் குழி வெட்டிச் சரிபார்த்த அந்த 6-ஐ இப்போது அப்படியே பயன்படுத்தியிருந்தால், குழாய் 58.5 செ.மீ. ஆழத்தில் இருப்பதாக எழுதியிருப்பேன். சரிபார்த்த எண்தானே என்ற தைரியத்தில், இன்னும் உறுதியாக எழுதியிருப்பேன். செம்மண்ணின் 9-ஐக் கரிசலுக்குக் கொண்டுவந்ததும், ஜனவரியின் 6-ஐ மே மாதத்துக்குக் கொண்டுபோவதும் ஒரே வகைத் தவறு.

இப்போது மாற்றியிருப்பவை

கருவியை ஒவ்வொரு வேலைக்கும் முன் விடுதிறன் 1 என்று, அதாவது காற்று என்று வைத்துவிடுகிறோம். அப்படி வைத்தால் ஓர அளவுகோல் அபத்தமான ஆழங்களைக் காட்டும். அதை யாரும் தவறியும் எழுதிக்கொள்ள மாட்டார்கள். களக் குறிப்பில் ஆழம் என்ற கட்டமே இல்லை. நேரம் மட்டும் எழுத வேண்டும். வேகத்தை அந்த இடத்திலேயே, அன்றைக்கே அளந்த பிறகு அலுவலகத்தில்தான் ஆழம் போடுவோம். எப்படி அளந்தது என்றும் பக்கத்தில் எழுதுவோம்.

மின்தடை எண் முதலில். 10 ஓம் மீட்டருக்குக் கீழே இருந்தால் ரேடாரை வண்டியிலிருந்து இறக்குவதற்கு முன்பே மின்காந்தக் கருவிக்குச் சொல்லிவிடுகிறோம். இந்த எல்லை எங்கள் அனுபவத்தில் நாங்கள் வைத்துக்கொண்டது. வேறு மண்ணில் வேலை செய்பவர்கள் தங்களுக்கானதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

வளைவைப் பொருத்தி வேகம் எடுத்தால், கைகள் உச்சியிலிருந்து இரண்டு பக்கமும் குறைந்தது ஆழத்தின் அளவுக்காவது படத்தில் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அந்த வேகத்தைப் பயன்படுத்துவதில்லை. குழாயின் திசை தெரியாமல் வளைவைப் பொருத்துவதும் இல்லை.

துளை குழாயைக் கடக்கும் ஒவ்வொரு இடத்திலும் சோதனைக் குழி உண்டு. அதன் செலவை விலைப்புள்ளியிலேயே சேர்க்கிறோம். சில வேலைகள் அதனால் கைவிட்டுப் போயின.

ஊரில் அந்தக் குழாயில் வேலை செய்தவர் யாராவது இருக்கிறாரா என்று முதல் நாளே விசாரிக்கிறோம். அவர் சொல்வதைத் தனிக் கட்டத்தில், அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுகிறோம். இந்த வேலையின் கோப்பில் அந்தக் கட்டத்தில் “இடுப்புக்கு மேல வந்ததில்ல” என்று இருக்கிறது. அதற்குக் கீழே நாடாவில் அளந்த 78.